காயடித்த நாயைப் பேணுமாறு

மூங்கில்துறைப்பட்டிலும் அதனைச் சூழ்ந்த கரும்புக் கொல்லைகளிலும் காவலுக்கென வளர்க்கப்படும் ஆண் நாய்கள் பல. அவற்றுக்கு விதை நீக்கும் ரண சிகிச்சை செய்விப்போரும் இக்காலத்தில் உளர். ஆயின் சிகிச்சைக்குப் பின் அப்பிராணியை எங்ஙனம் பேணுவது என்பதில் ஒரு மயக்கம் நிலவுவதை யாம் காண்கின்றோம். அம்மயக்கம் ஒரு சொல்லினின்றே பிறந்தது போலும்.

காயடித்தல் என்னுஞ் சொல் உழவர்க்குப் புதிதன்று. காளைக் கன்றுகளுக்குப் பர்டிசோ என்னும் இடுக்கியைக் கொண்டு, தோலின் மேலிருந்தே உள்ளேயுள்ள விதைநாணை நசுக்கிவிடுவர். தோல் கிழிவதில்லை, தையலும் இல்லை. நாய்க்குச் செய்வதோ வேறு. மயக்க மருந்து கொடுத்து, தோலைக் கீறி, இரு விதைகளையும் வெளியே எடுத்து, குருதிக் குழாய்களைக் கட்டித் தைப்பர். பெயர் ஒன்றாயினும் செயல் இரண்டு. காளையை விட்டது போல நாயையும் மறுநாளே கொல்லைக்கு அவிழ்த்துவிடுதல் எங்ஙனம் பொருந்தும்?

முதல் இரவில் நாய்க்குக் கால் தள்ளாடும். படிக்கட்டையும் கிணற்றடியையும் அது அணுகலாகாது. குளிர்காற்றுப் படாத இடத்தில் துவைத்த துணி விரித்துக் கிடத்துக. நன்றாகத் தெளிந்தபின் சிறிது நீரும், அப்பால் வழக்கத்திற் பாதி உணவும் போதும்.

அதன்பின் வரும் 10 முதல் 14 நாட்களே கடினமானவை. மூன்றாம் நாளிலேயே நாய் முற்றும் நலமுற்றது போலத் துள்ளும். நம்மவர் ஏமாறுவதும் அன்றுதான். ஓடினாலும் தாவினாலும் தையல் பிரியும், விதைப்பை வீங்கும். ஆதலின் கயிற்றிற் பிடித்துச் சிறிது தூரம் நடத்துவதன்றி வேறு உலாவல் வேண்டா. கட்டி வைத்தல் கொடுமையென்று இரங்கி, யாரும் பாராத வேளையில் அவிழ்த்துவிடும் பாட்டியர் எம்மூரில் உண்டு. அவ்விரக்கத்தால் நாய்க்கு ஒரு நன்மையும் இல்லை. தென்பெண்ணையில் நீராட்டுதலும் அந்நாட்களில் ஆகாது. ஈரம் ரணத்திற்குப் பகை.

நாய் நக்கினாற் புண் ஆறும் என்பது பழங்கொள்கை. உண்மையில் நக்குதலாற் கிருமி புகும், தையலும் அறும். இதனைத் தடுக்கவே மருத்துவர் கழுத்தைச் சுற்றிப் புனல் போன்றதொரு பட்டையை அணிவிப்பர். அதனோடு நாய் குடத்திலும் கதவிலும் இடித்துக்கொண்டு திரிவது நகைப்பிற்கு இடமாகும், எனினும் கழற்றற்க. மஞ்சள், சாம்பல், எண்ணெய் ஆகியவற்றை மருத்துவர் சொல்லாமல் தடவற்க. மனிதர் உட்கொள்ளும் பாரசிட்டமால், இபுப்ரோபன் மாத்திரைகள் நாய்க்கு நஞ்சாதல் கூடும்.

காலை மாலை இருவேளையும் புண்ணைப் பார்த்தல் வேண்டும். சிறிது சிவப்பும் வீக்கமும் இயல்பு. குருதி சொட்டுதல், சீழ், துர்நாற்றம், புண் வாய் பிளத்தல், ஒரு நாளுக்கு மேல் உணவை மறுத்தல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் தாமதியாது மருத்துவரிடம் செல்க. எம்மூர் போன்ற இடங்களில் ஈயே பெரும் பகைவன். பச்சைப் புண்ணில் அது முட்டையிட்டால் ஒரு நாளைக்குள் புழு வைத்துவிடும். ஆதலின் மாட்டுத் தொழுவத்தின் அருகே நாயைக் கட்டலாகாது.

தெருநாயாயின், புண் ஆறும்வரை காத்துப் பிடித்த இடத்திலேயே விடும் பொறுப்பு, சிகிச்சை செய்யும் நிறுவனத்தைச் சாரும். வீட்டு நாய்க்கோ, 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் அப்பொறுப்பை உடையவரிடமே வைத்துள்ளன.

விதைப்பை வெறும் பையாகத் தொங்குவது கண்டு, மருத்துவர் ஒன்றுஞ் செய்யவில்லையென ஐயுறுவாரும் உளர். அது நாளடைவிற் சுருங்கும். சிகிச்சைக்குப் பின்னும் சில வாரம் கருவூட்டும் ஆற்றல் எஞ்சியிருக்கக் கூடுமாதலால், ஒரு மாதமேனும் பெண் நாய்களினின்று விலக்கி வைத்தல் நன்று. உடல் பருக்குமாதலின் உணவையும் சற்றுக் குறைக்கலாம். வெறிநோய்க்கு இச்சிகிச்சை காப்பன்று. அதற்குரிய தடுப்பூசியை மருத்துவர் குறித்த காலத்தில் தனியே போடுவித்தல் வேண்டும்.