துடுப்பை எண்ணலாம், உழைப்பை?

இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்குத் தெற்கே காரங்காடு என்னும் கடலோரச் சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள அலையாத்திக் காட்டைச் சுற்றிப் பார்க்க வருவோர் கயாக் என்னும் சிறு படகில் செல்வதைக் காணலாம். கால்களை நீட்டி உட்கார்ந்து, இரு முனைகளிலும் அலகு கொண்ட துடுப்பை இடமும் வலமுமாக மாற்றி மாற்றிப் போட்டுச் செலுத்தும் ஒடுங்கிய படகு அது.

இரு மாணவர்கள் அமைதியான நீரில் 200 மீட்டர் சென்றதாகக் கொள்வோம். இருவரும் சரியாக 100 முறை துடுப்புப் போட்டார்கள். ஒருவன் சிரித்துக்கொண்டே இறங்குகிறான். மற்றவனுக்கு மூச்சு வாங்குகிறது. எண்ணிக்கை ஒன்றுதானே, களைப்பு மட்டும் ஏன் வேறுபட்டது?

விடை வேகத்தில் இருக்கிறது. முதல் மாணவன் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் சென்றான். அப்போது நீரின் தடை 8 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். வேலை என்பது விசையையும் தொலைவையும் பெருக்கி வருவது அல்லவா? 8 × 200 = 1,600 ஜூல். இரண்டாமவன் வேகம் விநாடிக்கு 1.5 மீட்டர். நீரின் தடை ஏறத்தாழ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. எனவே தடை 18 நியூட்டன். வேலை 3,600 ஜூல். அவன் மிச்சப்படுத்திய நேரம் மூன்றில் ஒரு பங்கு. அதற்குக் கொடுத்த விலையோ இரண்டே கால் மடங்கு வேலை! திறனைக் கணக்கிட்டால் 8 வாட் 27 வாட்டாக உயர்ந்துவிட்டது. உடல் செலவிடும் ஆற்றல் இதைவிடப் பல மடங்கு அதிகம். ஏனெனில் அதில் பெரும்பகுதி வெப்பமாகிறது. துடுப்பு பின்னே தள்ளும் நீரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது.

உழைப்பை அறிய எளிய கருவி நம் மணிக்கட்டிலேயே உள்ளது. கரையேறியவுடன் நாடித்துடிப்பை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஒரு நிமிடம் கழித்து மீண்டும் எண்ணுங்கள். துடிப்பு விரைவாகக் குறைந்தால் உழைப்பு அளவோடு இருந்தது எனலாம். துடுப்புத் தண்டு வளைவதை மின்தடை மாற்றமாக உணர்ந்து, ஒவ்வொரு வீச்சின் திறனையும் காட்டும் கருவிகளும் இன்று உள்ளன.

அப்படியானால் துடுப்பை எண்ணுவது வீணா? இல்லை. அது கடலின் போக்கைக் காட்டிக்கொடுக்கும். விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் செல்பவனை விநாடிக்கு அரை மீட்டர் நீரோட்டம் எதிர்த்தால், அவன் முன்னேறுவது அரை மீட்டர்தான். அதே 200 மீட்டருக்கு 100 வீச்சு போதாது, 200 வேண்டும்.

இதில் உயிர் காக்கும் பாடம் ஒன்று உண்டு. பிரப்பன்வலசை போன்ற பாக் விரிகுடாக் கரையில், தென்மேற்குக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரம் அலையின்றி அமைதியாகத் தோன்றும். போகும்போது காற்றே தள்ளிவிடும். திரும்பும்போதுதான் கணக்குப் புரியும். ஆகவே பழகியவர்கள் முதலில் சிறிது தூரம் சென்று, உடனே திரும்பி வந்து இரு வழி எண்ணிக்கையையும் ஒப்பிடுவார்கள். திரும்பும் எண்ணிக்கை மிகுந்தால், அன்று தூரம் போகக் கூடாது.

1966 ஏப்ரலில் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். நேர்க்கோட்டில் சுமார் 30 கிலோமீட்டர். எடுத்துக்கொண்ட நேரம் 25 மணி 36 நிமிடம். சராசரி வேகம் மணிக்கு 1.2 கிலோமீட்டர்தான், நாம் நிதானமாக நடப்பதைவிடவும் குறைவு. நீரில் நகர்வது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கயாக்கில் ஏறுவோர் மிதவைச் சட்டை அணிந்து, பயிற்சியாளருடன் மட்டுமே செல்ல வேண்டும். படகு கிடைக்காதவர்கள் கியர் இல்லாத சைக்கிளில் இதைச் சோதிக்கலாம். காற்று வீசும் நாளில் நேரான சாலையில், மிதிப்பதை நிறுத்தாமல் 500 மீட்டர் போய், இளைப்பாறிய பின் அதே வேகத்தில் திரும்புங்கள். மிதித்த எண்ணிக்கை இரு வழியிலும் ஒன்றாகவே இருக்கும். நாடித்துடிப்பு? நீங்களே எண்ணிப் பாருங்கள்.