கிலோவால் அளக்கவேண்டிய சத்தம்

கண்டி மலைச்சரிவில் எழுந்த ஊர். வான் நிற்கும் இடம் ஒன்று, மேடை இருக்கும் இடம் வேறொன்று, நடுவே படிகள். லீட் கிட்டார் வாசிப்பவர் ஒரு கையில் கிட்டாரும் மறுகையில் அம்ப்புமாக ஏறிவிடுவார். பேஸ் வாசிப்பவருக்கு அது எளிதல்ல. தாழ்ந்த சுரம் உரக்கக் கேட்க நிறையக் காற்றை அசைக்க வேண்டும். அதற்குப் பெரிய, பாரமான பெட்டிதான் வழி என்று நெடுங்காலம் இருந்தது.

எவ்வளவு பாரம்? அமெரிக்காவின் ஆம்பெக் நிறுவனம் 1969இல் கொண்டுவந்த எஸ்விடி அம்ப்பை எடுத்துக்கொள்வோம். 300 வொட், 14 வால்வுகள். தலைப்பெட்டி மட்டும் ஏறத்தாழ 38 கிலோ. அதோடு வைக்கும் எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பெட்டி 63 கிலோவுக்கு மேல். இரண்டும் சேர்ந்தால் 100 கிலோவைத் தாண்டுகிறது. இரண்டு சீமெந்து மூட்டையை நான்கு மாடி ஏற்றுவதற்கு ஒப்பான வேலை அது. அதன் பிறகுதான் வாசிக்கவே தொடங்க வேண்டும்.

இன்று கடையில் கிடைக்கும் ஃபெண்டர் ரம்பிள் 500 அம்ப்பும் இரண்டு 10 அங்குல ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் அடங்கியது. எடை 16.6 கிலோ. மார்க்பேஸ் லிட்டில் மார்க் போன்ற தலைப்பெட்டிகள் 500 வொட் தந்து 3 கிலோவுக்குள் நிற்கின்றன. கேலியன் க்ரூகரின் எம்பி 200 இன்னும் சிறியது. 200 வொட், ஒரு கிலோவுக்குள். இந்த எடை எங்கே போயிற்று என்று தெரிந்தால்தான் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பது பிடிபடும்.

முதலில் போனது ட்ரான்ஸ்ஃபோமர். நம் வீட்டுக் கரண்ட் 230 வொல்ட், 50 ஹேட்ஸ். அதிர்வெண் இவ்வளவு குறைவாக இருக்கும்போது இரும்பும் செம்பும் நிறைய வேண்டும். புதிய அம்ப்புகள் அதே கரண்டை உள்ளே பல்லாயிரம் ஹேட்ஸுக்கு மாற்றிவிடுகின்றன. அப்போது உள்ளங்கையளவு ட்ரான்ஸ்ஃபோமரே போதும். இரண்டாவதாகப் போனது வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியக் கட்டை. பழைய ட்ரான்சிஸ்டர் வகை 55 சதவீதத் திறனில் 500 வொட் தரும்போது 409 வொட் வெப்பமாக வீணாகிறது. ‘டி வகுப்பு’ எனப்படும் புதிய வகை அம்ப் 90 சதவீதத் திறனில் அதே 500 வொட்டைத் தரும்போது வீணாவது 56 வொட் மட்டுமே. மூன்றாவது காந்தம். 1980களில் வந்த நியோடிமியம் காந்தம் பழைய ஃபெரைட் காந்தத்தைவிடப் பல மடங்கு வலிமையானது. அதனால் சில பெட்டிகளில் ஸ்பீக்கரும் இலேசாகிவிட்டது.

ஆனால் காற்றை அசைக்கத் தேவையான ஸ்பீக்கர் கூம்பின் பரப்பு குறையவில்லை, குறையவும் முடியாது. இங்கேதான் பலர் வொட் கணக்கில் ஏமாறுகிறார்கள்.

வொட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு இருமடங்கு சத்தமாகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வொட். ஆகவே 500 வொட் அம்ப்பை விற்றுவிட்டு 800 வொட் வாங்குபவருக்குக் கிடைப்பது 2 டெசிபெல். அதை மேடையில் ட்ரம்ஸ் அடிப்பவர் கவனிக்கவும் மாட்டார். பெட்டியில் ‘பீக் 1,000 வொட்’ என்று அச்சிட்டிருந்தால், தொடர்ந்து தரக்கூடியது 500 என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்கவேண்டிய எண் வேறு. ஒரு வொட் கொடுத்து, ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் அந்தப் பெட்டி எத்தனை டெசிபெல் தருகிறது? 91 என்று ஒரு பெட்டியும் 97 என்று இன்னொன்றும் இருக்கிறதென்று வைப்போம். முதலாவது 500 வொட்டில் எட்டும் 118 டெசிபெல்லை இரண்டாவது 125 வொட்டிலேயே எட்டிவிடும். அம்ப் விலையில் மிச்சம் பிடித்த காசை ஸ்பீக்கரில் போடச் சொல்வது இதனால்தான். சிறிய பெட்டி, ஆழமான பேஸ், அதிகச் சத்தம் ஆகிய மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது. அமெரிக்க ஒலிப்பொறியாளர் ஹோஃப்மனின் பெயரில் வழங்கும் இந்த விதியை எந்த விளம்பரமும் மாற்றிவிடவில்லை.

கூம்புப் பரப்பை ஒப்பிட எளிய வழி உண்டு. அங்குல விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, ஸ்பீக்கர் எண்ணிக்கையாலும் பெருக்குங்கள். ஒரு 12 அங்குலத்துக்கு 144 வருகிறது. இரண்டு 10 அங்குலத்துக்கு 200, ஒரு 15க்கு 225, இரண்டு 12க்கு 288, நான்கு 10க்கு 400. எஸ்விடியின் எட்டு ஸ்பீக்கர் பெட்டிக்கு 800. சவுண்ட் சிஸ்டத்தின் துணையின்றி உரத்த ட்ரம்ஸோடு வாசிக்கிறவர் 200க்குக் கீழே போகவேண்டாம் என்பது என் தீர்மானம். 288 என்றால் நிம்மதி.

பெட்டியின் மின்தடையைச் சொல்லும் ஓம் கணக்கையும் விடக்கூடாது. லிட்டில் மார்க் மூன்றாம் வடிவம் 4 ஓமில் 500 வொட் தரும். 8 ஓம் பெட்டி ஒன்றை மட்டும் மாட்டினால் 300தான். ரம்பிள் 500உம் அப்படியே. தனியாக வாசித்தால் 350 வொட்; வெளியே இன்னொரு 8 ஓம் பெட்டியைச் சேர்த்தால்தான் பெயரில் உள்ள 500 கிடைக்கும். அதே வகையில் இரண்டாவது பெட்டி ஒன்றைச் சேர்க்கும்போது வொட்டும் கூடுகிறது, கூம்பும் இரட்டிக்கிறது; தாழ்ந்த சுரங்களில் 5 டெசிபெல் அளவுக்கு ஏற்றம் தெரியும். 800 வொட் அம்ப் தந்த 2 டெசிபெல்லோடு இதை வைத்துப் பாருங்கள். 8 ஓம் பெட்டி இரண்டை ஒவ்வொன்றாகத் தூக்கலாம். சிறிய நிகழ்ச்சிக்கு ஒன்றை வீட்டிலேயே விட்டுவிட்டும் போகலாம்.

இனி இடம். ஹோட்டல் மண்டபத்தில் சுவர்களும் தரையும் பேஸைத் தாங்கிப் பிடிக்கும். திறந்தவெளியில் அந்தத் துணை இல்லை. தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் போய்விடும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சரச்சந்திர திறந்தவெளி அரங்கு போன்ற சரிவில், ஒரு மீட்டரில் 118 ஆக இருந்தது 16 மீட்டரில் 94 ஆகிவிடும். அந்த இழப்பை மேடை அம்ப்பைக் கூட்டி ஈடுகட்ட முயலக்கூடாது. அது சவுண்ட் சிஸ்டத்தின் வேலை. அம்ப்பின் பின்புறத்தில் மூன்று முள் எக்ஸ்எல்ஆர் வழியாக நேர்வெளியீடு இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சவுண்ட்காரர் அதில் வயரைச் செருகிவிட்டால், உங்கள் பெட்டி உங்களுக்கும் ட்ரம்ஸ்காரருக்கும் கேட்டால் போதும். அதற்கு 200 வொட்டும் ஒரு நல்ல 12 அங்குலமும் தாராளம். மாத்தளை முத்துமாரியம்மன் தேர்க்காலத்தைப் போன்ற பெருங்கூட்டத்தின் முன்னும் இதே விதிதான். சவுண்ட் சிஸ்டம் பாட்டுக்கு மட்டும், பேஸை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப்படும் மண்டபங்களுக்குத்தான் 500 வொட்டும் இரண்டு பெட்டியும்.

விலைக்கு வருவோம். வெளிநாட்டில் 600 டாலர் விலையுள்ள அம்ப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2022 மார்ச்சுக்கு முன் டாலர் ஏறத்தாழ 200 ரூபா, வற் வரி 8 சதவீதம். அந்தக் கணக்கில் 129,600 ரூபா. 2024 ஜனவரியிலிருந்து வற் 18 சதவீதம். டாலரை 300 ரூபாவாக வைத்தால் 212,400. மற்ற இறக்குமதி வரிகளும் கடைக்காரரின் இலாபமும் இல்லாமலே 64 சதவீத உயர்வு. அதே நேரம் 16.6 கிலோப் பெட்டி ஓட்டோவில் போகும். 100 கிலோவுக்கு வான் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே ஒரு பயணத்துக்கு 2,500 ரூபா வித்தியாசம் என்றால், 85 பயணத்தில் அம்ப் தன் விலையைத் திருப்பித் தந்துவிடும். மாதம் இரண்டு நிகழ்ச்சி வாசிப்பவருக்கு மூன்றரை வருடம்.

உறவினர் மூலம் வரவழைப்பதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. லண்டனிலும் 230 வொல்ட்தான், பிரச்சினை இல்லை. கனடாவில் 120 வொல்ட். பின்புறத்தில் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தால் மட்டும் அங்கிருந்து வாங்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இங்கே செருகிய நொடியிலேயே அம்ப் போய்விடலாம்.

இலேசான அம்ப்புக்கு எதிரான செலவும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. பழைய ட்ரான்ஸ்ஃபோமர் அம்ப்பை ஊரில் ஈயம் வைத்துப் பழகிய எவரும் திறந்து திருத்துவார். புதியவற்றில் பாகங்கள் அரிசிமணி அளவு. பழுதானால் மின்சுற்றுப் பலகையையே மாற்றவேண்டி வரும், அந்தப் பலகை வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி கண்டிக்குப் பழக்கமானது. மின்னெழுச்சித் தடுப்பு உள்ள நல்ல மல்டிபிளக் ஒன்றை அம்ப் விலையின் ஒரு பகுதியாகவே எண்ணி வாங்குங்கள். மின்பிறப்பாக்கியில் வாசிக்கும்போது மட்டும் புதிய வகைக்கே நன்மை: முழு 500 வொட்டுக்கும் அது 2.4 அம்பியர் இழுக்கும், பழையது 4 அம்பியர்.

வாங்கிய பின் பெட்டியைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து வையுங்கள். முழங்காலைப் பார்த்து ஒலித்தால் உங்களுக்குக் கேட்காது, கேட்காததால் கூட்டுவீர்கள். நான்கு தந்தி பேஸின் ஆகத் தடித்த தந்தி 41 ஹேட்ஸ். அதற்குக் கீழே உள்ள அதிர்வை வெட்டும் வசதி அம்ப்பில் இருந்தால் போட்டுவிடுங்கள்; கேட்காத ஒலிக்காக வொட் வீணாகாது, கூம்பும் கிழியாது. காதுக்குப் பஞ்சல்ல, இசைக்கலைஞருக்கான அடைப்பான் வேண்டும். 85 டெசிபெல்லில் 8 மணி நேரம் என்பது பாதுகாப்பு எல்லை. 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் 15 நிமிடம்தான்.

இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக்கூடாது என்று 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கடைசிப் பாட்டு பத்துக்கு முன் முடிகிறது என்று வைப்போம். வயரைச் சுருட்டியதும் தோளில் பையோடு 5 கிலோ பேஸ், கையில் 16.6 கிலோப் பெட்டி. மொத்தம் 21.6 கிலோ. மழையில் நனைந்த படிகளில் ஒரே நடையில் ஓட்டோவுக்கு இறங்கிவிடலாம்.