முகத்துப் புள்ளியும் வைட்டமின் 'ஈ'யும்

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருநாள், பொட்டு இட்டுக்கொள்ளக் கண்ணாடி முன் நிற்கிறீர்கள். கன்னத்தில் பழுப்பாக ஒரு புள்ளி! எதிர்வீட்டு மாமியிடம் சொன்னால், "வைட்டமின் 'ஈ' காப்ஸ்யூலைக் குத்தி எண்ணெயைத் தடவேன், பத்தே நாளில் போய்விடும்" என்பாள். சற்றுப் பொறுங்கள், சகோதரி!

அது ஈரல் கோளாறு அல்ல. பல வருஷத்து வெயிலின் வேலை. 1922-ல் அமெரிக்காவில் எவன்ஸ், பிஷப் என்ற இருவர் (பிஷப் ஒரு பெண்மணியாக்கும்!) கண்டுபிடித்த வைட்டமின் 'ஈ' உடம்புக்கு வேண்டியதுதான். ஆனால், விழுந்துவிட்ட புள்ளியை அது மட்டும் தனியே அழிக்கும் என்பதற்குத் தக்க ருசு இல்லை. 1999-ல் மயாமி சர்வகலாசாலை டாக்டர்கள் ஆபரேஷன் தழும்புகளில் தடவிப் பார்த்தார்கள். தழும்பு மறைந்ததோ இல்லையோ, மூன்றில் ஒருவருக்குத் தோல் அழற்சி கண்டதுதான் மிச்சம்! நம் மாநிறத் தோலிலோ, அழன்ற இடம் இன்னும் கறுத்துப்போகும்.

தடவித்தான் தீருவேன் என்றால், முதலில் முழங்கையின் உட்புறம் ஒரு துளி தடவி இரண்டு நாள் பாருங்கள். வெளியே போனால் குடை, முகத்துக்கு எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத வெயில்தடுப்புக் களிம்பு. புள்ளி பெருத்தாலோ, நிறம் மாறினாலோ, ரத்தம் கசிந்தாலோ, மாமியிடம் போகாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.