மாத்திரை வீட்டுக்கு வருகிறது. மனசை யார் கேட்பது?

பழவேற்காடு ஏரியில் வலை போடுவதற்கு முறை உண்டு. எந்த நாளில், எந்த இடத்தில், யார் இறங்குவது என்று மீனவக் கிராமத்தார் கூடிப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் ‘பாடு’ என்று பெயர். பாட்டில் பங்குள்ளவருக்கு ஊர்ப் பேச்சிலும் இடம் இருக்கும். முழங்கால் தேய்ந்து, கண்ணில் புரை விழுந்து அவர் கரையேறும்போது, விடியுமுன் எழுவதற்கு இருந்த காரணமும் போய்விடுகிறது. கூடை சுமந்து மீன் விற்ற பெண்ணுக்கு இடுப்பு விட்டுப்போனாலும் இதே கதைதான்.

பின்னால் வரும் சோர்வை ‘வயசாச்சு’ என்று நாம் தள்ளிவிடுகிறோம். பெரியவர்களும் மனசைப் பற்றிப் பேசுவதில்லை. ‘தூக்கம் வரல’, ‘சோறு இறங்கல’, ‘உடம்பெல்லாம் அசதி’ என்பார்கள். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். 2017-18இல் நாடு முழுவதும் நடந்த முதியோர் ஆய்வில், 60 வயதைக் கடந்த 100 பேரில் சுமார் 8 பேருக்கு அதன் அறிகுறிகள் தெரிந்தன. மருத்துவர் கண்டறிந்ததாகச் சொன்னவர்களோ 100க்கு ஒருவர்கூட இல்லை.

சர்க்கரை நோயோடு மனச்சோர்வும் சேர்ந்தால் ஆபத்து. சர்க்கரையால் நரம்பு மரத்த பாதத்தைக் கிளிஞ்சல் ஓடு கிழித்தால் வலி தெரியாது. தினமும் ராத்திரி உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பவர் தப்பிப்பார். மனம் சோர்ந்தவர் பார்ப்பதில்லை. ‘இனிமே எதுக்கு?’ என்று மாத்திரையையும் விட்டுவிடுவார். புண் ஆறாது, நடை நிற்கும், படுக்கையில் சோர்வு இன்னும் கூடும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கொண்டுவருபவர் ஒவ்வொரு முறையும் இன்னும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். ‘இந்த ரெண்டு வாரமா எதிலயும் நாட்டமில்லாம இருக்கா? மனசு பாரமா இருக்கா?’ ஆம் என்றால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஆலோசனையாலும் மருந்தாலும் குணப்படுத்தக்கூடிய நோய் இது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை இலவசமாக அழைக்கலாம்.

வீட்டாருக்கும் ஒரு வேலை உண்டு. அறுந்த வலையைத் தாத்தாவின் மடியில் போடுங்கள். கண் மங்கினாலும் விரல் கண்ணியைத் தேடிப் பிடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காலையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.