சிப்பின் உள்ளே பார்க்கும் திறந்த கருவி

தென்மராட்சித் தோட்டமொன்றில் நீர்ப்பம்பைத் தானாகவே இயக்கி நிறுத்தும் பெட்டியொன்றைச் சாவகச்சேரி மாணவர் ஒருவர் அமைக்கிறார் எனக் கொள்வோம். நிற்கவேண்டிய வேளையில் பம்பு நில்லாது ஓடுமாயின், தவறு ஈயப்பற்றிலா, உணரியிலா, அன்றிச் சிப்பினுள் அவரே எழுதிப் பதித்த நிரலிலா என்பதை மின்மானி சொல்லாது. ஓடிக்கொண்டிருக்கும் சிப்பை நடுவழியில் நிறுத்தி, அதன் நினைவகத்தில் அக்கணம் இருப்பதை வாசிக்கும் சாதனம் ஒன்று அவருக்கு அவசியமாகிறது.

அதற்கான வாசல் சிப்பிலேயே உண்டு. பலகைகள் நெருங்கிச் சிறுத்து, ஊசிமுனை வைத்துச் சோதிக்க இடமற்றுப்போன காலத்தில், 1985இல் கூடிய ஜேடேக் என்னும் பொறியியலாளர் குழுவின் முயற்சி 1990இல் சர்வதேச நியமமாயிற்று. அதன் பிரதானக் கம்பிகள் நான்கு. ஆர்ம் வகைச் சிப்புகளோ பிற்காலத்தில் இரண்டு கம்பிகளாலேயே அக்காரியத்தை நிறைவேற்றின.

வாசல் பொதுவாயினும் திறவுகோல் நெடுங்காலம் பொதுவாக இருக்கவில்லை. அந்தந்தக் கம்பனியின் கருவி அந்தந்தக் கம்பனியின் சிப்புக்கே உதவியது. விலையும் மாணவர் கைக்கு எட்டாதது. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் டொமினிக் ராத் என்ற மாணவர் தமது பட்ட ஆய்வாக 2005இல் தொடங்கிய ஓபன் ஓசிடி என்னும் மென்பொருள், பலவகைச் சிப்புகளோடும் பலவகைக் கருவிகளோடும் பேசக்கூடியதாய், மூலநிரலோடு யாவருக்கும் கிடைத்தபோதுதான் நிலைமை மாறியது.

ஆயினும், அம்மென்பொருளுக்கும் சிப்புக்கும் இடையே நிற்கும் கருவியை வடிவமைப்பதில் ஒரு விசித்திரமான சிக்கல் உண்டு: நிரலைப் பதிக்கும் கருவிக்குள்ளேயே ஒரு நிரல் இருக்கவேண்டும், அதனை முதன்முறை பதிப்பதற்கு வேறொரு கருவி வேண்டும். 2021இல் 4 டொலர் விலையில் வெளிவந்த ராஸ்பெரி பை பிக்கோ பலகை இச்சிக்கலை அழகாகத் தீர்க்கிறது. அதிலுள்ள சிறு பொத்தானை அழுத்தியவாறே கணினியில் செருகினால், பலகை ஒரு பென் டிரைவைப்போலத் தோன்றும். மூலநிரலோடு வெளியிடப்பட்டுள்ள கருவி நிரலை அதில் இழுத்துவிட்டால் போதும். பின்னர் அதன் GP2, GP3 எனக் குறிக்கப்பட்ட இணைப்புகளை மற்றொரு பிக்கோவின் ஓரத்திலுள்ள கடிகாரத் துளைக்கும் தரவுத் துளைக்கும், நிலக்கம்பியை நிலத்துக்கும் தொடுத்துவிட்டால், முதலாவது பலகை இரண்டாவதைப் பரிசோதிக்கும் உபகரணமாகிவிடுகிறது.

ஆனால், பிற சிப்புகளுக்கும் உதவும் கருவியை வரைபவர் வோல்ற்றளவில் மிகுந்த ஜாக்கிரதை கொள்ளவேண்டும். 1.8 வோல்ற்றில் இயங்கும் சிப்புக்கு 3.3 வோல்ற்றுச் சமிக்ஞையை அனுப்பினால் அது பழுதாகிவிடலாம். ஆதலால், பரிசோதிக்கப்படும் பலகையின் வோல்ற்றளவையே தன் அளவாகக் கொள்ளும் மாற்றியொன்றை இடையே வைப்பது நல்ல வடிவமைப்பின் முதல் லட்சணம் என்பது என் அபிப்பிராயம். உற்பத்தியாளர் பூட்டிவைத்த சிப்பை இக்கருவியும் திறவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி திட்டமோ ஒரு படி மேலே சென்று, செயலியின் வடிவமைப்பையே பகிரங்கமாக்கியது. 2018இல் அதன் சிப் ஒன்றில் லினக்ஸ் இயங்கியது. அச்செயலிகளைச் சோதிக்கவும் ஓபன் ஓசிடியே பயன்படுகிறது. அவ்வளவு தூரம் செல்வதற்கு முன், நமது பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்கள் இரண்டு பிக்கோ பலகைகளை வாங்கி, அந்த மூன்று கம்பிகளையும் மாணவர் கையாலேயே தொடுக்கச் செய்யவேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.