குடிக்காத நாளுக்கு ஒரு சீட்டு

கார்த்திகை பிறந்து மாலை போட்டுவிட்டால் போதும், தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் பெண்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். வருடக்கணக்காகச் சாயங்காலமானால் கடைக்குப் போய்க்கொண்டிருந்த மனிதர், ஒரு மண்டலம் முழுக்க அந்தப் பக்கமே திரும்புவதில்லை. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய கையோடு சிலர் பழைய கூட்டத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். "அப்ப மட்டும் முடிஞ்சுதுல்ல? இப்ப வேணும்னேதான் குடிக்கிறான்" என்று வீட்டில் தீர்ப்பாகிவிடும்.

அந்தத் தீர்ப்பு தவறு. விரத நாட்களில் அவருடைய மனஉறுதி மட்டுமா மாறியது? விடியற்காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல், சாயங்காலம் பஜனை, கூடவே நாலு சாமிமார்கள், தெருவில் சின்னப் பையன்கூட "சாமி" என்று ஒதுங்கி வழிவிடுவது என்று அவருடைய நாள் முழுவதுமே மாறியிருந்தது. குடிக்காமலிருந்த ஒவ்வொரு நாளுக்கும் அன்றன்றைக்கே மரியாதை கிடைத்தது. மாலையைக் கழற்றியதும் அத்தனையும் ஒரே நாளில் நின்றுபோனது.

இதில் பக்தியைத் தனியே வைத்துவிட்டு, 'அன்றன்றைக்கே கிடைக்கும் பலன்' என்ற ஒன்றை மட்டும் எடுத்து ஒரு சிகிச்சையாகவே வளர்த்திருக்கிறார்கள். கன்டின்ஜென்சி மேனேஜ்மென்ட் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர். பரிசு முறைச் சிகிச்சை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் என்ற உளவியலாளர் கோகெய்னுக்கு அடிமையானவர்களிடம் இதைச் சோதித்தார். கோகெய்ன் பழக்கத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அவர் செய்தது இதுதான்: வாரம் மூன்று முறை சிறுநீர்ப் பரிசோதனை. முதல் தடவை போதைப்பொருள் இல்லையென்று வந்தால் இரண்டரை டாலருக்கு ஒரு வவுச்சர். அடுத்த தடவையும் சுத்தமாக இருந்தால் ஒன்றேகால் டாலர் கூடும். தொடர்ந்து மூன்று முறை சுத்தமென்றால் மேலே பத்து டாலர். ஒரு தடவை தவறினால் கணக்கு மறுபடி இரண்டரைக்கு இறங்கிவிடும். ரொக்கம் கையில் கொடுப்பதில்லை. மீன்பிடி உரிமமோ, சைக்கிள் சாமானோ, படிப்புக்கான புத்தகமோ, கேட்பதை ஊழியர்களே வாங்கிக் கொடுப்பார்கள். வவுச்சர் கிடைக்கும் பன்னிரண்டு வாரமும் தவறாமல் இருந்தவருக்கு ஏறக்குறைய ஆயிரம் டாலர் சேரும்.

இந்தத் திட்டத்தில் என் மனதைத் தொட்ட விதி ஒன்று உண்டு. தவறி விழுந்து, கணக்கு அடிமட்டத்துக்குப் போனவர், அதன்பின் தொடர்ந்து ஐந்து முறை சுத்தமாகக் காட்டினால், விழுவதற்கு முன்னால் எந்தப் படியில் இருந்தாரோ அதே படியில் மறுபடி ஏற்றிவிடுவார்கள். ஒருநாள் சறுக்கியதால் பட்ட பாடெல்லாம் வீண் என்று அவர் நினைத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. "போனது போச்சு, இனி என்ன" என்ற அந்த ஒரு நினைப்புதான் ஒரு கிளாஸை ஒரு வாரக் குடியாக மாற்றுகிறது. போதை மீட்பில் நெடுங்காலம் உழைத்த ஆலன் மார்லட் 1985லேயே இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

1994ல் வெளியான ஹிக்கின்ஸின் ஆய்வில் 40 பேர். எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆலோசனை; பாதிப் பேருக்கு மட்டும் வவுச்சர். 24 வாரச் சிகிச்சையை முடித்தவர்கள் வவுச்சர் வாங்கியவர்களில் 75 சதவீதம், வாங்காதவர்களில் 40 சதவீதம்.

ஆளுக்கு ஆயிரம் டாலர் என்றால் மருத்துவமனை எங்கே போகும்? நான்சி பெட்ரி என்ற ஆய்வாளர் இதற்கு ஒரு வழி கண்டார். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் இருந்த அவர், ஒரு கண்ணாடித் தொட்டியில் 500 சீட்டுகளை மடித்துப் போட்டார். பாதிச் சீட்டுகளில் பாராட்டு மட்டும். மீதியில் பெரும்பாலானவை சோப்பு, காலுறை போன்ற ஒரு டாலர் பெறுமானப் பொருளுக்கு. சில இருபது டாலர் பொருளுக்கு. ஒரே ஒரு சீட்டு டிவி போன்ற பெரிய பரிசுக்கு. பரிசோதனையில் தேறியவர் தொட்டிக்குள் கைவிட்டு எடுக்கலாம். நாள் கூடக்கூட எடுக்கும் சீட்டும் கூடும். 2000ல் வெளியான அவருடைய ஆய்வில் கலந்துகொண்டவர்கள் குடிக்கு அடிமையான 42 முன்னாள் ராணுவத்தினர். சீட்டு எடுத்தவர்களில் 84 சதவீதம் பேர் எட்டு வாரமும் சிகிச்சைக்கு வந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 22 சதவீதம்தான். அந்த எட்டு வாரமும் குடியைத் தொடாதவர்கள் முறையே 69 சதவீதமும் 39 சதவீதமும்.

சீட்டுக் குலுக்கல் சூதாட்டப் பழக்கத்தைக் கொண்டுவந்துவிடாதா என்று கேட்கத் தோன்றும். சூதாட்ட அடிமைத்தனத்திலும் நிபுணரான பெட்ரிக்கு அந்தக் கவலை இருந்தது. தனியாக ஆராய்ந்தார், அப்படி எதுவும் நடக்கவில்லை.

ஒரு சோப்புக்கும் ஒரு ஜோடி காலுறைக்கும் எங்கிருந்து வந்தது இவ்வளவு பலம்? குடியின் சுகம் சில நிமிடத்தில் கிடைக்கிறது. குடிக்காததன் பலனோ தாமதம்: கல்லீரல் தேற மாதங்கள் ஆகும், மகள் மறுபடி நம்ப வருடங்கள் ஆகலாம். எல்லோருக்குமே நாளைய நூறு ரூபாயைவிட இன்றைய ஐம்பது பெரிதாகத் தெரியும் நேரங்கள் உண்டு. போதைக்கு அடிமையானவர்களிடம் இந்தச் சாய்வு மிகக் கடுமையாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. போதாததற்கு, சம்பள நாள், அந்தத் தெருமுனை, அந்தச் சினேகிதன் என்று குடியோடு சேர்ந்து பழகிய ஒவ்வொன்றும் கண்ணில் பட்டதுமே மூளையில் டோபமைன் சுரந்து ஆளை இழுக்கிறது. எதிர்ப்பக்கத்தில் 'பிற்காலத்தில் நன்றாக இருப்பாய்' என்ற அறிவுரை மட்டும் இருந்தால் தராசு எந்தப் பக்கம் சாயும்? சீட்டு, நல்லதன் பலனையும் இன்றைக்கே கொண்டுவந்து மறுதட்டில் வைக்கிறது.

"ஒழுங்காக இருப்பதற்கு லஞ்சமா?" என்ற கேள்விதான் இந்த முறையைப் பல இடங்களில் வாசலிலேயே நிறுத்தியது. நோயாளிக்குப் பரிசு கொடுப்பது குறித்த சட்டச் சிக்கல்களும் சேர்ந்துகொண்டன. அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் நலத்துறை 2011ல்தான் இதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. கலிபோர்னியா அரசு 2023ல் தொடங்கியது. சர்க்கரை நோயாளி தேறினால் மகிழ்கிறோம். குடிநோயாளி தேறுவதற்கு மட்டும் அவர் முதலில் கஷ்டப்பட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பரிசு நின்றபின் பலன் தேய்கிறது, உண்மைதான். ஆனால் மறைந்துவிடுவதில்லை. 2021ல் 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சிகிச்சை முடிந்து மாதங்கள் கழித்தும் சிறிய அளவில் பலன் தங்கியிருந்தது.

பரிசு தனியாகவே போதும் என்று யாரும் சொல்லவில்லை. குடி ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் உண்டு. 1935ல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் கடவுள் நம்பிக்கையைத் துணைக்கு அழைப்பவை. குடியை முழுதாக விடுவதில் அவை மற்றச் சிகிச்சைகளுக்குக் குறைந்தவை அல்ல என்று 2020ல் காக்ரேன் அமைப்பின் ஆய்வு சொன்னது. அங்கே மனம் ஒட்டாதவர்களுக்காக 1994ல் ஸ்மார்ட் ரிகவரி என்ற அமைப்பு வந்தது. ஒருவருக்கு ஒரு வாசல் சரிப்படவில்லையென்றால் இன்னொன்று திறந்திருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. தினமும் மிதமிஞ்சிக் குடிப்பவர் மாலை போட்டோ, சபதம் எடுத்தோ திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கைநடுக்கத்தில் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே உலை வைக்கலாம். மருத்துவரின் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும்.

இந்தியாவில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார் என்று 2019ல் வந்த தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. மற்ற 37 பேர் வீட்டில் இருக்கிறார்கள். "நான் என்ன பைத்தியமா, ஆஸ்பத்திரிக்கு வர?" என்பார்கள். அவர்களை எப்படி அழைத்து வருவது என்பதற்கும் இதே வழியில் ஒரு பதில் உண்டு. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் மையர்ஸ் குடும்பத்தினருக்கென்றே ஒரு பயிற்சி வகுத்தார். கிராஃப்ட் என்று பெயர்.

அதில் மனைவிக்குக் கற்றுத் தருவது கோபத்தை அடக்குவதை அல்ல, நேரம் பார்ப்பதை. கணவர் குடிக்காமல் வந்த சாயங்காலம் பிடித்த மீன்குழம்பு, பக்கத்தில் உட்கார்ந்து பேச்சு. குடித்து வந்தால் சண்டையும் இல்லை, பரிமாறுவதும் இல்லை. பேசாமல் அடுத்த அறைக்குப் போய்விட வேண்டும். வாந்தியைக் கழுவுவது, வேலைக்குப் போகாததற்கு முதலாளியிடம் பொய் சொல்வது எல்லாம் நிற்கும். அடிக்கிற ஆளாக இருந்தால் முதல் பாடமே பத்திரமாக வெளியேறுவது எப்படி என்பதுதான். அவர் தெளிந்து, வருந்தி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் சிகிச்சைப் பேச்சை எடுக்க வேண்டும்.

1999ல் வெளியான ஆய்வில், இந்தப் பயிற்சி பெற்ற குடும்பங்களில் 64 சதவீதம் தங்கள் ஆளைச் சிகிச்சைக்கு வரவைத்தன. உறவினர் எல்லோரும் ஒன்றுகூடி முகத்துக்கு நேரே கண்டித்துச் சொல்லும் முறையில் 30 சதவீதம். விலகி நின்று தன் மனதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் முறையில் 13 சதவீதம். மூன்று முறையிலுமே, உதவி தேடி வந்த குடும்பத்தாரின் மனநிலை முன்னைவிடத் தேறியிருந்தது. கணவர் வர மறுத்தாலும், முதலில் மனைவி மட்டும் தனியாக ஒரு மனநல மருத்துவரைப் போய்ப் பார்க்கலாம்.