தொட்டும் தோன்றாத நெடில்

உயிர்களை அறிவின் வகையால் பகுத்துக் கூறிய தொல்காப்பியர், மரபியலில் ஊற்றுணர்வையே முதற்கண் வைத்தார். சுவையும் நாற்றமும் ஒளியும் ஓசையும் அதன் பின்னரே வைக்கப்பெற்றன. கணிப்பொறியின் வளர்ச்சியோ இதற்கு மறுதலையானது. அஃது எண்ணவும் எழுதவும் கற்று நெடுங்காலம் கழிந்த பின்னரே விரலின் ஊற்றை உணரக் கற்றது. இன்று கைப்பேசி முதலாகப் பல கருவிகள் விரல் பட்ட அளவில் பணி செய்கின்றன. விரல் பட்டும் பணி செய்யாதவிடத்து, வழு யாண்டுள்ளது எனக் காணும் முறை யாது? இதனை ஒரு சிறு கருவியின் வாயிலாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழாசிரியர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு எனச் சிலர் வினவக்கூடும். ஈண்டுக் கூறப்படும் வழுவால் மறைந்தது தமிழின் நெட்டெழுத்து. அவ்வழுவைக் கண்ட முறையோ ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிப்போர் கைக்கொள்ளும் முறையே. இவ்விரண்டும் எம்மை இத்துறைக்கு ஈர்த்தன.

பலகையும் அதன் குறையும்

மயிலாப்பூரில் வாழும் எம் மாணவர் ஒருவர், சிறுவர்க்கு உயிரெழுத்துக் கற்பிக்கும் பொருட்டுத் தொடுபலகை ஒன்றனை அமைத்தார். வேண்டிய உறுப்புக்கள் அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருக் கடைகளில் வாங்கப்பட்டன. எம்.பி.ஆர். 121 என்னும் தொடுவுணரிச் சில்லு, சிறு திரை, லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் சிறு கணிப்பொறி ஆகிய மூன்றுமே அவற்றுள் தலையாயவை. அச்சில்லிற்குப் பன்னிரண்டு தொடுமுனைகள் உண்டு. தமிழ் உயிரும் பன்னிரண்டே. எனவே, முனைக்கு ஓர் எழுத்தாக அகர முதல் ஔகார இறுவாய் முறையே அமைத்தல் எளிதாயிற்று. செம்புத் தகட்டின்மேல் விரல் வைத்தால் அதற்குரிய எழுத்துத் திரையில் தோன்றும்.

பலகை நன்கு பணி செய்தது. ஆயினும் ஒரு குறை காணப்பட்டது. சிறுவர் குறிலையும் நெடிலையும் இணையாகச் சொல்லிப் பழகுவர். 'எ, ஏ' எனச் சொல்லிக்கொண்டே விரலை விரைந்து நகர்த்தினால், எகரம் தோன்றும். ஏகாரம் சில வேளைகளில் தோன்றாது. மெல்லத் தொட்டால் எல்லாம் செம்மையாக அமையும். இதனைக் கண்ட பெரியோர், 'விரலை ஒழுங்காக வை' எனச் சிறுமி ஒருத்தியைக் கடிந்துகொண்டனர். யாமும் முதற்கண் அவ்வாறே எண்ணினோம் என்பதை மறைத்தற்கில்லை.

தொடுதல் செய்தியாகும் முறை

வழுவைத் தேடுமுன், ஒரு தொடுதல் எவ்வெவ்விடங்களைக் கடந்து எழுத்தாகின்றது என அறிதல் வேண்டும்.

மனித உடல் மின்னைக் கடத்துவது. விரல் தகட்டை நெருங்கின் அத்தகட்டின் மின்தேக்குதிறன் சிறிது மிகும். சில்லு ஒவ்வொரு முனைக்கும் ஓரளவு மின்னேற்றத்தை ஊட்டி, அங்குத் தோன்றும் மின்னழுத்தத்தை அளக்கின்றது. தேக்குதிறன் மிகுந்தால் அவ்வழுத்தம் குறையும். விரல் படாத நிலைக்குரிய அளவைச் சில்லு தன்னகத்தே கணித்துக்கொண்டே இருக்கும். அதனை அடிநிலை என்பர். அடிநிலையினின்று குறைவு ஒரு வரம்பைக் கடந்தால் 'தொடப்பட்டது' எனவும், வேறொரு வரம்பிற்குக் கீழ் மீண்டால் 'விடப்பட்டது' எனவும் கொள்ளும். லினக்ஸ் இயக்கியில் இவ்வரம்புகள் முறையே 8, 5 என வைக்கப்பட்டுள்ளன. இரண்டும் ஒன்றாயின், வரம்பின் எல்லையில் நடுங்கும் விரல் பல தொடுதல்களாகப் பிழைபட எண்ணப்படும்.

தொடுநிலை மாறியவுடன் சில்லு ஒரு கம்பியின் மின்னழுத்தத்தைத் தாழ்த்திக் கணிப்பொறியை அழைக்கும். இவ்வழைப்பிற்குக் குறுக்கீடு என்று பெயர். கணிப்பொறி உடனே ஐ-டூ-சி என்னும் இருகம்பி வழியாகச் சில்லின் இரண்டு பதிவகங்களைப் படிக்கும். முதற் பதிவகத்தில் எட்டு முனைகளின் நிலையும், இரண்டாவதில் எஞ்சிய நான்கின் நிலையும் இருக்கும். அகரத்திற்கு 1, ஆகாரத்திற்கு 2, இகரத்திற்கு 4 என மதிப்பு இரட்டித்துச் செல்லும். எகரத்திற்கு 64, ஏகாரத்திற்கு 128.

இவ்வெண்களைப் படித்து, 'இன்ன விசை அழுந்தியது, இன்ன விசை எழுந்தது' எனக் கணிப்பொறிக்கு மொழிபெயர்த்துரைக்கும் நிரலே இயக்கி எனப்படும். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸின் உட்கருவில் இத்தகைய இயக்கிகள் பல்லாயிரம் உள்ளன. எம்.பி.ஆர். 121-க்குரிய இயக்கி 2011-இல் அதனுட் சேர்ந்தது. இயக்கி உரைத்ததை உட்கருவின் உள்ளீட்டுப் பகுதி ஏற்று, எழுத்தைக் காட்டும் நிரலுக்கு வழங்கும்.

ஐயங்களும் அவற்றின் நீக்கமும்

முதல் ஐயம் காற்றின்மேற் சென்றது. மயிலாப்பூர் கடலை அடுத்த ஊர். ஈரக்காற்றும் விரலின் வியர்வையும் மின்தேக்குதிறனை மாற்றுதல் இயல்பு. ஆயின், அவற்றாற் குறை நேர்ந்ததாயின், அது குறில் நெடில் எனப் பாகுபாடு பார்த்தல் கூடுமோ? தகடுகள் யாவும் ஒரே அளவின; ஒரே காற்றில் இருப்பன. விரலை எகரத்தினின்று ஏகாரத்திற்கு நகர்த்தினால் ஏகாரம் தோன்றவில்லை. ஏகாரத்தினின்று எகரத்திற்கு நகர்த்தினாலோ எகரம் தவறாது தோன்றியது. ஆனால், அதன்பின் ஏகாரத்தை மீண்டும் தொட்டபோது அத்தொடுதல் வீணாயிற்று. அதற்கடுத்த தொடுதல் பயன் தந்தது. திசை மாற வழுவின் வடிவமும் மாறிற்று. ஈரத்திற்கு எழுத்துக்களின் வரிசை தெரியாது. வரிசை அறிந்த ஒன்றே இதனைச் செய்திருத்தல் வேண்டும் எனத் துணிந்தோம்.

அடுத்து, ஒவ்வோரிடத்தும் சான்று தேடப்பட்டது. இருகம்பி வழியில் உள்ள கருவிகளைத் தேடும் ஆணை, சில்லு தனக்குரிய 90 என்னும் முகவரியில் இருப்பதைக் காட்டியது. எனவே, கம்பியிணைப்பிற் குறையில்லை. குறுக்கீடுகளின் எண்ணிக்கையை லினக்ஸ் ஒரு பட்டியலில் வைத்திருக்கும். தொடுந்தோறும் அவ்வெண் ஏறியது; எனவே, அழைப்பும் வந்து சேர்ந்தது.

பதிவகத்தைப் படிப்பதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். பதிவகம் படிக்கப்பட்டவுடன் சில்லு தன் அழைப்பைத் திரும்பப் பெறும். ஆதலின், இயக்கி பணி செய்யும்போதே நாமும் புறத்திருந்து படித்தால், இயக்கிக்கு உரிய செய்தியைக் குலைத்தவராவோம். சான்றைத் தேடுவார் சான்றையே அழித்தல் இதுவாகும். இதனைத் தவிர்க்க, இயக்கி தான் படித்த எண்ணைத் தானே குறிப்பேட்டில் எழுதுமாறு அதனுள் ஒரு வரி சேர்க்கப்பட்டது. உள்ளீட்டுப் பகுதியினின்று வெளிவரும் செய்திகளை ஈவ்டெஸ்ட் என்னும் கருவிநிரல் தனியே பதிவு செய்தது. இரு பதிவுகளையும் அருகருகே வைத்து, இரு சுவடிகளை ஒப்புநோக்குவது போல ஒப்புநோக்கினோம்.

வழு இருந்த இடம்

ஏகாரம் தோன்றாத இடத்தில், இயக்கியின் குறிப்பில் 64 என்பதை அடுத்து 128 என்றே இருந்தது. அஃதாவது, எகரத்தினின்று விரல் எழுந்ததையும் ஏகாரத்தின்மேல் அது படிந்ததையும் சில்லு பிழையின்றி உணர்ந்து உரைத்திருந்தது. ஈவ்டெஸ்ட் பதிவிலோ 'எகரம் விடப்பட்டது' என்னும் ஒரு செய்தியே காணப்பட்டது. சொன்னவை இரண்டு, கேட்கப்பட்டது ஒன்று. இடையில் நின்றது இயக்கி ஒன்றே.

இயக்கியின் வரிகளைப் படித்தபோது காரணம் வெளிப்பட்டது. அது முன்னை நிலையாகிய 64-ஐயும் இன்றைய நிலையாகிய 128-ஐயும் ஒப்பிட்டு, மாறியவற்றை மட்டும் பிரித்தெடுக்கும். விடை 192, அஃதாவது 64-உம் 128-உம் ஆகிய இரண்டும் மாறின. இதுகாறும் முறை செவ்விது. ஆனால், அதன்பின் மாறியவற்றுள் மிகத் தாழ்ந்த எண்ணுடைய ஒன்றை மட்டும் எடுத்துரைத்துவிட்டு, இன்றைய நிலையை முழுமையாகத் தன் நினைவில் எழுதிக்கொள்ளும். உரைக்கப்படாத மற்றொரு மாற்றம் 'முன்னரே அறிந்தது' ஆகிவிடும். பின்னர் ஒருபோதும் உரைக்கப்படாது. தமிழ் நெடுங்கணக்கில் குறில் முன்னும் நெடில் பின்னும் நிற்றலின், இழப்பு எப்போதும் நெடிலுக்கே நேர்ந்தது.

எதிர்த்திசை வழுவும் இதனால் விளங்கும். ஏகாரத்தினின்று எகரத்திற்கு விரல் சென்றபோது எகரம் தொடப்பட்டமை உரைக்கப்பட்டது. ஏகாரம் விடப்பட்டமை மறக்கப்பட்டது. எனவே, ஏகாரம் இன்னும் அழுந்தியே உள்ளதென உள்ளீட்டுப் பகுதி கருதியிருந்தது. மீண்டும் அதனைத் தொட்டபோது, இது புதுச் செய்தியன்று எனத் தள்ளியது. அவ்விரல் எழுந்தபின்னரே அதன் மயக்கம் தீர்ந்தது.

விரைந்து தொட்டால் மட்டும் வழு நேர்ந்ததன் காரணம் திரையில் இருந்தது. திரையும் உணரியும் அதே இருகம்பி வழியைப் பகிர்ந்துகொண்டன. திரையை ஒரு முறை முழுமையாக எழுத 1,024 பைட்டுக்கள் செல்ல வேண்டும். நொடிக்கு 1,00,000 பிட்டு வேகத்தில் இதற்குப் பத்திலொரு நொடியளவு ஆகும். எகரம் திரையில் எழுதப்படும் அச்சிறு பொழுதில் உணரியைப் படிக்க வழியில்லை. அதற்குள் விரல் ஏகாரத்திற்குச் சென்றுவிட்டால், இரு மாற்றங்களும் ஒருங்கே திரண்டு நிற்கும். ஆங்கே வழு வெளிப்படும்.

வழுவமைதியும் வழுக்களைதலும்

இலக்கண நூலார் வழு, வழாநிலை, வழுவமைதி என மூன்று கூறுவர். திரையைக் கழற்றிவிட்டால் குறை பெரும்பாலும் மறைந்தது. தகடுகளைத் தொலைவில் வைத்தாலும் அவ்வாறே மறைந்திருக்கும். இவை வழுவமைதியாகுமே அன்றி வழுக்களைதல் ஆகா. காரணம் காணாது இவற்றோடு நின்றிருந்தால், குற்றமற்ற திரையைக் குற்றவாளியாக்கியிருப்போம்.

செய்யத்தக்க திருத்தம் ஒன்றே. மாறியவற்றுள் முதலாவதை மட்டும் உரைக்காமல், மாறிய ஒவ்வொன்றையும் வரிசையாக உரைத்தல் வேண்டும். லினக்ஸ் உட்கருவில் 2017-இல் இத்திருத்தம் செய்யப்பட்டது. எம் மாணவரின் பலகையில் இருந்த உட்கரு அதற்கு முற்பட்டது. புதிய உட்கருவை இட்டபின் ஏகாரம் தன் இடத்தில் தோன்றிற்று. ஆயினும், இத்திருத்தத்திற்கும் ஓர் எல்லை உண்டு. திரை எழுதப்படும் பொழுதிற்குள்ளேயே ஒரு விரல் பட்டு மீண்டுவிட்டால், பதிவகம் பழைய நிலையையே காட்டும். எவ்வியக்கியும் அதனை அறியாது. அதன்பொருட்டுத் திரைக்குத் தனிவழி அமைத்தலும் நன்று.

இவ்வழு எமக்கு ஏட்டுச்சுவடிகளை நினைவூட்டியது. பழைய ஏடுகளில் புள்ளியிடுதல் அருகியே காணப்படும். எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிடும் பண்டை வழக்குக் கைவிடப்பட்ட ஏட்டில் 'எடு' என்பதும் 'ஏடு' என்பதும் ஒரே வடிவாய் நிற்கும். பெசன்ட் நகரில் உள்ள டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையத்தில் சுவடிகளைக் காண்போர் இவ்விடர்ப்பாட்டை நன்கறிவர். 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த ஐயரவர்கள் போன்றோர் பல பிரதிகளை ஒப்புநோக்கியே பாடந் துணிந்தனர். வேறுபட்ட பாடங்களுள் முதலிற் கண்டதை மட்டும் குறித்து ஏட்டைக் கட்டிவைப்பவர் நல்ல பதிப்பாசிரியர் ஆகார். பழைய இயக்கி செய்ததும் அதுவே. ஒரு நிரையில் வேறுபாடு பலவாயின் அனைத்தையும் குறித்தல் பதிப்பாசிரியர் கடன்; அவற்றுள் எதனைக் கொள்வது என்பது அடுத்த நிலையில் ஆராயத்தக்கது. இரு தகடுகளை ஒருங்கே தொட்டாலும் இயக்கி இரண்டனையும் உரைத்தல் வேண்டும். தேர்வு எழுத்தைக் காட்டும் நிரலைச் சார்ந்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றால், தொடுவுணரியின் வழுக்காண்டல் ஊகத்தால் நிரம்புவதன்று என்பதும், தகடு, சில்லு, குறுக்கீடு, இயக்கி, உள்ளீட்டுப் பகுதி என்னும் ஒவ்வொன்றையும் தனித்தனியே வினவிச் சான்று பெறுதலே அதன் நெறி என்பதும் பெறப்படும். சான்று முழுமையாகக் கிடைக்குமுன் எளியார்மேற் குற்றம் சுமத்துதல் உலகியல்பு. ஈண்டு அச்சுமை ஒரு சிறுமியின் விரல்மேல் வைக்கப்பட்டது. அவள் ஏகாரத்தைச் செவ்வனே தொட்டிருந்தாள். சில்லும் அதனைச் செவ்வனே உணர்ந்திருந்தது. திருத்திய பலகையை அவளிடம் கொடுத்து, முன்னர்ப் பிழைத்தது அவள் விரலன்று என்பதையும் எடுத்துக்கூறினோம். வழு இருந்த இடத்தைக் கூறுவதோடு, அஃது இல்லாத இடத்தையும் கூறுதல் ஆராய்ச்சியாளர் கடமை என்க.